சீப்பு படாத தலை

ஆண்கள் கற்பூரம் எடுக்கக் காட்டுக்குப் போயிருக்கும் வீடு எது என்று எங்கள் ஊர் வாரோசில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்த வீட்டுப் பெண்ணின் தலையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எண்ணெய் கிடையாது, தண்ணீர் கிடையாது, சீப்பு கிடையாது. ஒரு மாதத்தில் சிக்குப் பிடிக்கும். இரண்டாம் மாதம் காக்கைக் கூடுதான். மீறிச் சீப்பு வைத்தால் என்ன ஆகும் என்று நண்டு சிண்டுக்குக்கூடத் தெரியும். மரத்தைப் பிளந்தால் வெடிப்பு வெடிப்பாகப் படிந்திருக்க வேண்டிய கற்பூரம் இருக்காது. சீப்பின் பல்லிடுக்கு மாதிரி வெறும் சந்துதான் இருக்கும்.

கட்டுப்பாடு அதோடு நிற்காது. உப்பைப் பொடி செய்யக் கூடாது. செய்தால் சரக்கும் பொடியாகத்தான் கிடைக்கும். கற்பூரம் என்ற பெயரையே வாயில் எடுக்கக் கூடாது, ‘வெள்ளை’ என்றுதான் சொல்ல வேண்டும். மரம் வெட்டுவது ஆண், அரிப்பைத் தாங்குவது பெண். இந்தப் பாகப்பிரிவினையை எந்தப் புண்ணியவான் செய்து வைத்தானோ தெரியாது. சரக்கு கிடைத்தால் ஆணுக்குப் பேர், கிடைக்காவிட்டால் பெண்டாட்டிக்குக் கெட்ட பேர் என்பதுவரை யோசித்துத்தான் செய்திருக்கிறான்.

அந்த வருஷம் மாங்கர் டத்துவோடு நாலு பேர் போயிருந்தார்கள். டத்து என்றால் மந்திரம் தெரிந்தவர். மரத்தில் காதை வைத்துக் கேட்டு உள்ளே சரக்கு உண்டா என்று சொல்லுவார். போனவர்களில் ஒருவன் தோகர், நவுலியின் புருஷன். இன்னொருவன் தோகருக்குத் தம்பி முறையான சஹாலா. அவன் பெண்டாட்டி தியூருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. மலையிலிருந்து கல்யாணமாகி வந்து ஒரு வருஷம். இடுப்புக்குக் கீழே விழும் கூந்தல் அவளுக்கு. அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஆண்கள் கிளம்பிய அன்றைக்கே தன் மூங்கில் சீப்பைக் கொண்டுவந்து பக்கத்து வீட்டு நவுலியிடம் கொடுத்துவிட்டாள்.

“என்கிட்ட இருந்தா கை சும்மா இருக்காது அக்கா. நீங்களே வச்சுக்குங்க. நான் காலைப் பிடிச்சுக் கெஞ்சினாலும் குடுக்காதீங்க.”

அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. படியில் உட்கார்ந்து கிழங்கு சீவும்போது புலம்புவதோடு சரி.

“நேத்து என் தலைக்குள்ள கீச்சு கீச்சுன்னு சத்தம் அக்கா. குஞ்சு பொரிச்சிருச்சுன்னு நினைக்கிறேன்.”

“பொரிச்சா ரெண்டை இங்க தள்ளு. குழம்பு வைக்கலாம்.”

“உங்க தலையில மட்டும் என்ன, மல்லிகையா பூத்திருக்கு? தள்ளி உக்காருங்க, பேன் தாவுது.”

ஐம்பது நாள் இப்படிச் சிரித்துக்கொண்டே ஓடிவிட்டது. அப்புறம்தான் நவுலியின் மகள் மினாருக்குக் காய்ச்சல் வந்தது.

மினாருக்கு நாலு வயது. வேர் அரைத்துக் கொடுத்தார்கள், இலை சுற்றிப் படுக்க வைத்தார்கள், கோழி அறுத்துப் படைத்தார்கள். காய்ச்சல் இறங்கினால்தானே? எட்டாம் நாள் பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் தண்ணீர் ஊற்றினால் கடைவாயில் வழிந்தது. நவுலி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்று முகத்துக்கு நடந்தாள். வெள்ளை வாங்கக் கடல் தாண்டி வரும் கப்பல்காரர்கள் செங்கல்லில் கட்டிய கோயில் அங்கே இருந்தது. அவர்களுடைய அம்மன் சூடு தணிப்பவள் என்று ஊரில் பேச்சு.

கோயிலில் பூக்கட்டி விளக்கு வைக்கிறவர் சேந்தன். கடல் தாண்டி வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. எங்கள் பேச்சை எங்களைவிட வேகமாகப் பேசுவார், ஆனால் இழுத்து இழுத்துப் பாடுகிற மாதிரி இருக்கும். வாசலிலேயே அவளை நிறுத்திவிட்டார்.

“நில்லு தாயி. இந்தத் தலையோடவா உள்ள வர்ற? தலைக்குக் குளிச்சு, வாரி முடிஞ்சுக்கிட்டு வா. தலைவிரி கோலமா அம்மன் முன்னாடி நிக்கப்படாது.”

“குளிக்கக் கூடாதுங்க. வீட்டுக்காரரு காட்டுக்குப் போயிருக்காரு.”

“அவரு காட்டுக்குப் போனதுக்கும் நீ குளிக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்?”

பதில் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. பிள்ளையின் இமையை விரலால் தூக்கிப் பார்த்தார்.

“கண்ணு சொருகிக் கிடக்கு. யோசிக்கிற நேரமாம்மா இது? பிள்ளையை இப்படிக் குடு. கிணறு அந்தப் பக்கம் இருக்கு.”

பிள்ளையை ஒரு கையில் வாங்கிக்கொண்டு, மறு கையால் ஒரு மரப்பெட்டியைத் திறந்து சீப்பு ஒன்றை எடுத்து நீட்டினார். திருவிழாவில் அம்மனுக்குக் கண்ணாடியும் சீப்பும் காட்டுவார்களே, அந்தச் சீப்பு. யானைத் தந்தம். எங்கள் மூங்கில் சீப்புக்கு ஏழெட்டுத் தடித்த பல்தான் இருக்கும். இதில் பல்லை எண்ண முடியவில்லை, அத்தனை நெருக்கம். அத்தனை இடுக்கு. நவுலி அதைக் கையில் வாங்கும்போது ஒரு விநாடி தயங்கினாள். பிள்ளை முனகியது. வாங்கிக்கொண்டாள்.

தண்ணீர் தலையில் விழுந்ததும் உடம்பே கூசிப் போயிற்று. சிக்கைப் பிரிக்கப் பிரிக்க முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. அதற்கப்புறம் சீப்பு உச்சியிலிருந்து நுனிவரை தங்குதடையில்லாமல் இறங்கியது. ஐம்பத்தொன்பது நாள் அரிப்புக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டுமா? சுகமாக இருந்தது. முடிந்துகொள்வதற்குப் பத்துத் தடவை வாரினால் போதும். அவள் முப்பது நாற்பது தடவை வாரினாள். உள்ளே பிள்ளை உயிருக்கு இழுத்துக்கொண்டிருக்க, கிணற்றடியில் கண்ணை மூடிக்கொண்டு வாரினாள். வாரியதைக்கூடப் பிள்ளைக்காக என்று பிற்பாடு தனக்குத் தானே சொல்லிக்கொள்ள முடிந்தது. அந்த அதிகப்படி முப்பதை யார் பேரில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

உள்ளே அம்மனுக்கு முன்னால் சேந்தன் தட்டை எடுத்தார். “கற்பூரம் காட்டுறேன், கும்பிட்டுக்க” என்றார். அந்தப் பெயரைக் கேட்டதும் நவுலி காதைப் பொத்திக்கொண்டாள். எரிந்த வாசனையை என்ன செய்வது? மூக்கைப் பொத்தினால் மரியாதையாக இருக்காது. தோகர் காட்டிலிருந்து வரும்போது அவன் தோளில் அடிக்கும் அதே வாசனை. இந்த அம்மனுக்கு வெள்ளை வேண்டும். வெள்ளை எடுத்து வருகிறவன் பெண்டாட்டி குளிக்கக் கூடாது. குளிக்காமல் அம்மனிடம் வரக் கூடாது. நடுவில் அகப்பட்டவள் எங்கே போய் முட்டிக்கொள்வது?

மஞ்சள் தண்ணீரும் திருநீறும் வாங்கிக்கொண்டு திரும்பினாள். வழியில் ஆற்றோரம் உட்கார்ந்து சேற்றை அள்ளித் தலையில் அப்பிப் பிசைந்தாள். படியேறும்போது தியூர் பார்த்துவிட்டாள்.

“என்ன அக்கா, தலையெல்லாம் சேறு?”

“பிள்ளையைத் தூக்கிட்டு வந்தேனா, வழுக்கி விழுந்துட்டேன்.”

“ஐயோ, அடிபட்டுச்சா? தலையைக் காட்டுங்க.”

“ஒண்ணும் இல்லடி. விடு.”

இரண்டாம் நாள் மினாருக்கு வேர்த்தது. மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து சுட்ட மீன் கேட்டது. தியூர்தான் ஓடிப்போய் மீன் வாங்கிவந்து, முள் எடுத்து ஊட்டினாள். நவுலி அடுப்படியில் திரும்பி உட்கார்ந்துகொண்டு சந்தோஷத்தில் அழுதாள். மரமாவது மட்டையாவது, பிள்ளை பிழைத்ததே என்று அன்றைக்கு நினைத்தாள்.

அதற்கு இருபது நாள் கழித்து, உச்சி வெயிலில் ஆண்கள் வந்தார்கள். சரக்கு கிடைத்திருந்தால் ஊர் எல்லையில் கொம்பு ஊதுவார்கள். கொம்புச் சத்தம் கேட்கவில்லை. டத்துவோடு சேர்த்து ஐந்து பேர் போனதில் நாலு பேர்தான் திரும்பியிருந்தார்கள். தோகர் கையில் இரண்டு அரிவாள் இருந்தன. தியூர் தன் வீட்டுப் படியிலிருந்து இறங்கி வந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தோகர் ஒரு அரிவாளை அவள் காலடியில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அவள் போட்ட கூச்சல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

மூன்று மரம் வெட்டியிருக்கிறார்கள். டத்து காது வைத்து, இருக்கிறது என்று சொன்ன மரங்கள். மூன்றும் வெறுஞ்சந்து. மூன்றாவது மரம் சாயும்போது அடியில் திருகி, யாரும் நினைக்காத பக்கம் விழுந்தது. அங்கே சஹாலா நின்றிருந்தான். காட்டிலேயே புதைத்துவிட்டு வந்தார்கள். எத்தனை நாள் ஆயிற்று என்று நவுலி கேட்டாள். தோகர் விரல் மடக்கிச் சொன்னான். அவளும் மனதுக்குள் விரல் மடக்கினாள். அவள் கோயிலுக்குப் போன மறுநாள்.

கப்பல்காரர்களைக் கேட்டால் மரம் விழுந்ததற்கும் சீப்புக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிப்பார்கள். அவர்களுக்குச் சிரிக்க வசதி இருக்கிறது. பத்து மரத்தில் எட்டு வெறும் மரம்தான் என்று நானே சொல்லுவேன். ஆனால் நவுலிக்கு அந்தக் கணக்கெல்லாம் வேண்டியிருக்கவில்லை. தந்தப் பல் ஒவ்வொன்றுக்கும் நடுவில் இருந்த இடுக்கை அவள் கண்ணால் பார்த்தவள்.

வீட்டுக்குள் வந்ததும் தோகர் மினாரை மடியில் போட்டுக்கொண்டு விம்மினான்.

“நானும் அவனும் ஒரு கை தூரத்துல நின்னோம் நவுலி. ஒரு கை தூரம். அந்த மரம் என் பக்கம் திரும்பியிருந்தா? நீ கட்டுப்பாட்டைச் சுத்தமாக் காத்தே, நான் வந்து சேர்ந்தேன்.”

அவள் அவனுக்குச் சோறு போட்டாள்.

அதற்குள் ஊர் வாய் தீர்ப்பே எழுதிவிட்டது. எந்த வீட்டு ஆணை மரம் எடுத்ததோ அந்த வீட்டுத் தலையில்தான் சீப்பு பட்டிருக்கும். இதில் விசாரிக்க என்ன இருக்கிறது? போதாததற்குத் தியூருக்கு நீளக் கூந்தல். அதை அவள் முன்னால் தள்ளி விட்டுக்கொண்டு நடந்ததைப் பார்க்காதவர் யார்? துக்கம் கேட்க வந்தவர்களே படி இறங்கும்போது இதைப் பேசிக்கொண்டு போனார்கள். இரண்டு நாளில் ஊர்க் கூட்டம், டத்து முடிவு சொல்லுவார் என்று சேதி வந்தது. முடிவு என்ன என்று எல்லோருக்கும் தெரியும். கட்டுப்பாட்டை மீறியவள் ஊரில் இருக்கக் கூடாது. மலைக்குப் போனாலும் ஆளைக் கொன்றவள் என்ற பேச்சு அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்.

மறுநாள் மத்தியானம் தியூர் நவுலி வீட்டுக்கு வந்தாள். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது.

“அக்கா, நீங்க சொல்லுங்க. சீப்பு உங்ககிட்டதானே இருந்துச்சு?”

“என்கிட்டதான்டி இருந்துச்சு.”

“ஒரு நாளாவது வந்து கேட்டேனா?”

“இல்ல.”

“அப்ப எப்படி ஆச்சு?” தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். “விரலால சொறிஞ்சிருக்கேன் அக்கா. தூக்கத்துல தெரியாம சொறிஞ்சிருப்பேன். முழிச்சிருக்கும்போதும் நாலஞ்சு தரம் சொறிஞ்சேன், தாங்க முடியாம. விரலுக்கும் நடுவுல இடுக்கு இருக்குல்ல? இதோ பாருங்க, இருக்குல்ல?”

விரித்த விரல்களை நவுலியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். இதற்கு மேல் பொறுத்தால் தான் மனுஷியே இல்லை என்று நவுலிக்குத் தோன்றியது.

“நீ இல்லடி. நான்.”

“என்ன நீங்க?”

“நான் வாரினேன். மினாருக்குக் காய்ச்சல் முத்தினப்போ கப்பல்காரங்க கோயிலுக்குப் போனேன். தலைக்குக் குளிச்சேன். சீப்பு வச்சு வாரினேன். மறுநாள்தான் மரம் விழுந்திருக்கு. நீ ஒண்ணும் பண்ணல.”

தியூர் அவளையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடிப்பாள் என்று நவுலி எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தியூரோ அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

“எனக்காக இப்படியெல்லாம் சொல்லாதீங்க அக்கா. புள்ளைக்காரி நீங்க.”

“நிஜமாத்தான் சொல்றேன்.”

“நிஜமா இருந்தா அண்ணன் எப்படி முழுசாத் திரும்பி வந்தாரு? பக்கத்துலதானே நின்னாரு? மரத்துக்குத் தெரியாதா யாரை எடுக்கணும்னு?” கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “இந்த ஊர்ல ஒருத்தி, ஒரே ஒருத்தி, என் பாவத்தைத் தன் தலையில போட்டுக்கப் பாக்குறா. எனக்கு இது போதும்.”

சேந்தனிடம் போய்க் கேட்டுப் பார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கோயில் கூப்பிடு தூரத்தில் இல்லாவிட்டாலும் நடக்கிற தூரம்தான். அந்த மனுஷன் பொய் பேசாதவர். வார்த்தை நவுலியின் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் மினார் வெளியிலிருந்து ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டது. சொல்லத்தான் சொன்னேனே, அவள் நம்பவில்லை என்றால் நான் என்ன செய்ய என்று ஒரு நினைப்பு உள்ளே புகுந்து உட்கார்ந்தது. அதோடு ஆண்கள் வந்ததிலிருந்து நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது கொஞ்சம் இளகிற்று. மூச்சு நன்றாக வந்தது. அப்படி வந்ததற்காக அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

கூட்டம் காலையில் கூடியது. டத்து பெரிய குரல் எழுப்புகிறவர் இல்லை. மூன்று மரம் பொய்த்ததில் அவர் பேரும் கெட்டிருந்தது. களைத்துப் போயிருந்தார்.

“தியூர், உன் தலையில சீப்பு பட்டுச்சா?”

“சீப்பு படல ஐயா. விரல் பட்டுச்சு. சொறிஞ்சேன்.”

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடி அடங்கிற்று. அவளே ஒப்புக்கொண்டாள் என்றால் அப்புறம் என்ன? டத்து தலையை ஆட்டினார். அதோடு முடிந்திருக்கும். தியூர் உட்காரவில்லை.

“ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன். எல்லாரும் என்னைப் பத்தி என்ன பேசுனீங்கன்னு எனக்குத் தெரியும். நவுலி அக்கா என்ன சொன்னாங்க தெரியுமா? ‘நீ இல்ல, நான்தான் வாரினேன்’னு சொன்னாங்க. என்னைக் காப்பாத்த. அந்த மனசு உங்கள்ல யாருக்காவது இருக்கா?”

எல்லாத் தலையும் நவுலியின் பக்கம் திரும்பின. டத்துவும் திரும்பினார்.

“அப்படிச் சொன்னியாம்மா?”

“சொன்னேன்.”

“நிஜமாவே வாரினியா?”

நவுலி எழுந்து நின்றாள். தோகர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை, பெருமைதான் இருந்தது. மினார் அவன் மடியில் உட்கார்ந்து தேங்காய்ச் சில்லைக் கடித்துக்கொண்டிருந்தது. ஒடுங்கிப்போன கன்னம் மறுபடி உப்பியிருந்தது. ஆமாம் என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊரை விட்டுப் போக வேண்டும். தம்பியைக் கொன்றவள் என்று தோகரே முகத்தைத் திருப்பிக்கொள்வான். தியூர் தூரத்தில் நின்று அவளைப் பார்த்து வேண்டாம் என்பதுபோலத் தலையசைத்தாள்.

“இல்ல ஐயா” என்றாள் நவுலி. “அவ மனசு ஆறட்டும்னு சொன்னேன்.”

பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். பக்கத்தில் இருந்தவள் நவுலியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பொய் தப்புதான், ஆனாலும் இப்படி ஒரு மனசு வேண்டும் என்று டத்து சொன்னார். பிறகு, பொழுது சாய்வதற்குள் தியூர் ஆற்றைத் தாண்டிவிட வேண்டும் என்றார்.

அவளோடு ஆறுவரை போக ஒருத்தரும் வரவில்லை, நவுலியைத் தவிர. சஹாலாவின் அரிவாளைத் துணியில் சுற்றித் தோளில் மாட்டியிருந்தாள் தியூர். நவுலி கட்டிக்கொடுத்த சோற்று மூட்டை கையில் இருந்தது. மினார் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு நடுவில் குதித்துக் குதித்து வந்தது. சித்தி எப்போது திரும்பி வருவாள் என்று கேட்டது. தியூர் குனிந்து அதற்கு முத்தம் கொடுத்தாள்.

“நல்லா சாப்பிடணும், என்ன? அம்மாவைப் படுத்தக் கூடாது.” பிறகு நவுலியிடம் சொன்னாள். “இந்த ஊரைச் சபிச்சுட்டுத்தான் போகணும்னு இருந்தேன் அக்கா. உங்களை நினைச்சுத்தான் வாயை மூடிக்கிட்டேன்.”

“பாத்துப் போடி” என்றாள் நவுலி.

முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்து தியூர் அக்கரை ஏறினாள். ஏறியதும் திரும்பிக் கையசைத்தாள். நவுலியும் கையசைத்தாள். பாதை வளைகிற இடத்தில் நின்று இன்னொரு தடவை அசைத்தாள். மேலே, மரங்கள் தொடங்கும் இடத்தில் மூன்றாவது தடவை. அந்த இடத்திலிருந்து பேசினால்கூட இக்கரையில் கேட்கும். நவுலி கூப்பிட்டிருந்தால் அவளுக்கும் கேட்டிருக்கும்.